பெலேமில் இந்தியா, கொடும்பாளூரில் யார்?

பிரேசிலின் பெலேம் நகரில் 2025 நவம்பரில் முப்பதாவது காலநிலை மாநாடு முடிந்த பிறகு, தமிழ் இதழியல் வட்டாரத்தில் ஒரு புதுப் பெருமிதம் தலைதூக்கியிருக்கிறது. காலநிலைக்கு நம் பத்திரிகைகளில் இடமே இல்லை என்ற பழைய குறையை இனி யாரும் சொல்லக்கூடாதாம். மாநாட்டு நாட்களில் செய்தி வந்தது, இந்தியாவின் நிலைப்பாடு வந்தது, அமெரிக்க அரசு ஆள் அனுப்பாதது வந்தது, அரங்கில் தீப்பிடித்தது படத்தோடு வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.

இடத்தின் அளவில் எனக்குக் குறையில்லை. ‘இந்து தமிழ்’ நாளிதழின் ‘உயிர் மூச்சு’ இணைப்பிதழ், ‘பசுமை விகடன்’, பிபிசி தமிழ், பூவுலகின் நண்பர்கள் வெளியிடும் ‘பூவுலகு’ என்று காலநிலையைத் தமிழில் விளங்கச் சொல்லும் எழுத்து, ஒரு தலைமுறைக்கு முன் இருந்ததைவிடப் பெருகியே இருக்கிறது. அமெரிக்கப் பெரும் நாளிதழ்கள் நடுநிலையின் பெயரால் அறிவியலுக்கும் அதை மறுப்பவர்களுக்கும் சரிபாதி இடம் கொடுத்துக் கெடுத்ததை மேக்ஸ்வெல் பாய்காஃபும் ஜூல்ஸ் பாய்காஃபும் 2004இல் எடுத்துக்காட்டினார்கள். அந்த நோய் நம்மை ஒட்டவில்லை. பணக்கார நாடுகள் காற்றில் ஏற்றிவைத்த கரிக்கு ஏழை நாடுகள் ஏன் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று 1991இல் டெல்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் கேட்டார்கள். அந்த நியாயத்தையும் தமிழ் ஊடகம் இன்றுவரை விடாமல் பிடித்திருக்கிறது. நல்ல பிடிதான். ஒப்புக்கொள்ள வேண்டியது இவ்வளவே.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்; பெலேம் அதை மாற்றவில்லை. நம் மாநாட்டுச் செய்திகளில் ஒரே ஒரு கதாபாத்திரம்தான் உண்டு. அதன் பெயர் இந்தியா. இந்தியா எதிர்த்தது, இந்தியா கேட்டது, இந்தியா விட்டுக்கொடுக்கவில்லை, இந்தியாவுக்கு வெற்றி, இந்தியாவுக்கு ஏமாற்றம். விராலிமலை வாடிவாசலில் ஒலிபெருக்கி பிடித்திருப்பவர், மாடு எந்த ஊர், அணைந்தவர் யார், பரிசு கட்டிலா பீரோவா என்று மூச்சுவிடாமல் சொல்வார். அந்த மாட்டுக்குத் தீவனம் வாங்க யார் கடன்பட்டார் என்பது அவர் வேலையில் சேர்த்தியில்லை. மாநாட்டுச் செய்தி எழுதுபவர்களும் அந்த ஒலிபெருக்கியைத்தான் பிடித்திருக்கிறார்கள். கேட்பவர் கைதட்டலாம், உச்சுக்கொட்டலாம். கருத்துச் சொல்ல அங்கே அவருக்கு எந்த இடமும் இல்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. இந்திய ஆங்கில நாளிதழ்களைப் படித்து சைமன் பில்லெட் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதையே சொன்னது: ஆபத்து நமக்கு, பொறுப்பு அவர்களுக்கு என்ற ஒரே கோட்டில் நாட்டை ஒரு பக்கமும் பணக்கார உலகை மறுபக்கமும் நிறுத்திவிடுகிறார்கள். கோடு பிழையில்லை. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் எல்லாரும் ஒரே ஆள் ஆகிவிடுவதுதான் கோளாறு. ஆங்கிலத்தில் எழுதி டெல்லியிலிருந்து வரும் ஏஜென்சிச் செய்தியை டெஸ்க்கில் மொழிபெயர்த்துப் போடும் நம் நாளிதழ்கள், அந்தக் கோட்டையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிட்டன.

2021இன் கிளாஸ்கோ மாநாட்டை எடுத்துக்கொள்வோம். கடைசி நேரத்தில் இந்தியா முன்வைத்த திருத்தத்தால், நிலக்கரியை அடியோடு கைவிடுவது பற்றிய வாசகம் படிப்படியாகக் குறைப்பது என்று மென்மையானது. நம்மை மட்டம் தட்டப் பார்த்தார்கள், நாம் விடவில்லை என்ற தொனியில் செய்தி வந்தது. அதில் நியாயம் இருந்தது. எண்ணெயையும் எரிவாயுவையும் தொடாமல் நிலக்கரியை மட்டும் குறிவைத்தது பணக்கார நாடுகளின் தந்திரம்தான். ஆனால் அந்த ‘நாம்’ யார்? நெய்வேலிக்கு நிலம் கொடுத்தவரும் அதில் உண்டு, எண்ணூரில் சாம்பல் படிந்த கழிமுகத்தில் வலை வீசுபவரும் உண்டு, உடன்குடியில் அனல்மின் நிலையம் கட்டும் ஒப்பந்தக்காரரும் உண்டு, இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓட்டும் புதுக்கோட்டை விவசாயியும் உண்டு. இவர்களுக்கு நிலக்கரியில் ஒரே நலன் இல்லை. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், என்.எல்.சி. சுரங்க விரிவாக்கத்துக்காக வாய்க்கால் வெட்ட, விளைந்துகொண்டிருந்த நெல்வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. தமிழ்நாடே பதறியது, பத்திரிகைகளும் பதறின. கிளாஸ்கோவில் நாம் காப்பாற்றிய நிலக்கரியும் வளையமாதேவியில் நம் நெல்லைப் புரட்டிய நிலக்கரியும் ஒன்றுதான் என்று நான் படித்த எந்தச் செய்தியும் சொல்லவில்லை. கிளாஸ்கோ உலகப் பக்கத்தில் வந்தது, வளையமாதேவி மாவட்டப் பக்கத்தில் தொடங்கி மாநிலப் பக்கத்துக்குப் போனது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று படிப்பதில்லை.

இந்த ஒற்றைக் கதாபாத்திரத்துக்குள் ஒளிந்துகொள்வது யாருக்கு வசதி என்பதை கிரீன்பீஸ் இந்தியா 2007இலேயே ஓர் அறிக்கையில் சொல்லிவிட்டது: சராசரி இந்தியரின் உமிழ்வு குறைவு என்ற வாதத்தில், ஏழைகளின் முதுகுக்குப் பின்னால் இந்தியப் பணக்காரர்கள் நிற்கிறார்கள். அறிக்கை அன்று கொஞ்சம் சர்ச்சையானது. பிறகு அந்தக் கேள்வி கருத்தரங்க அறைகளுக்குள்ளேயே சுருங்கிப்போனது.

அடுத்தது பணம். 2024 நவம்பரில் பாகு மாநாட்டில், வளரும் நாடுகளுக்கான காலநிலை நிதி 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானது. வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி டாலர். முடிவை அவசர அவசரமாக நிறைவேற்றிய பிறகு, இந்தியக் குழுவின் சாந்தினி ரெய்னா எழுந்து கடுமையாக மறுத்துப் பேசினார். அந்தச் சூடு தமிழ் ஊடகத்திலும் இருந்தது, இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பணம் வந்தால் எந்த வழியாக வரும், யார் கையெழுத்தில் இறங்கும், டெல்லியில் எவ்வளவு நிற்கும், ஒரு கண்மாயின் மடை வரைக்கும் எவ்வளவு வரும் என்ற அடுத்த கேள்வியைக் காணோம். இது கற்பனைக் கேள்வியும் அல்ல. கியோட்டோ உடன்பாட்டின்கீழ் பிறந்த தகவமைப்பு நிதியிலிருந்து, தமிழ்நாட்டிலும் ராஜஸ்தானிலும் நீர்ப்பிடிப்பு மேம்பாட்டுப் பகுதிகளைக் காலநிலைக்கேற்ப வலுப்படுத்த நபார்டு வழியாக 2014இல் ஒரு திட்டம் ஒப்புதல் பெற்றது. மாநாட்டில் பேசிய பணம் நம் மானாவாரி நிலத்துக்கு உண்மையாகவே வந்த கதை அது. எத்தனை வாசகர்களுக்குத் தெரியும்?

தெரிந்தவர்களும் இருந்தார்கள். கியோட்டோவின் தூய்மை வளர்ச்சி வழிமுறையில், தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் தன் உறுப்பினர்களின் காற்றாலைகளை ஒன்றாகக் கட்டி ஒரு திட்டமாகவே பதிவு செய்துகொண்டது. குறைத்த உமிழ்வை விற்றுப் பணமாக்கும் கரி வரவுக்கான வழி அது. தவறொன்றுமில்லை, புத்திசாலித்தனம். ஆலோசகர் வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்கள் மாநாட்டு உடன்பாட்டை வரவு செலவுக் கணக்காகப் படித்தார்கள். பத்திரிகையை மட்டும் நம்பியிருந்தவர் அதைப் பந்தயமாகப் படித்தார். பொது விவாதம் என்று நாம் சொல்வதற்குள் இப்படி ஒரு மேடு பள்ளம் இருக்கிறது. அதைச் சமன்செய்ய வேண்டியது பத்திரிகையின் வேலை.

இந்த வேலை மற்ற பல நாடுகளைவிட இந்தியாவில் கனமானது. நம் அரசமைப்பில் பன்னாட்டு உடன்பாட்டை நாடாளுமன்றம் வாக்களித்து ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரம். 2022 ஆகஸ்டில் இந்தியாவின் திருத்திய காலநிலை வாக்குறுதிகளுக்கு ஒப்புதல் தந்தது ஒன்றிய அமைச்சரவை. ஆனால் அந்த வாக்குறுதிகள் வந்து இறங்குவது பெரும்பாலும் மாநிலத்தின் நிலத்தில், நீரில், விவசாயத்தில். உடன்பாட்டை நிறைவேற்ற மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்களிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று 253ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, கையெழுத்துக்கு முன் ஊர் மக்கள் காதில் விஷயம் விழ வேண்டுமானால் பத்திரிகையும் தொலைக்காட்சியும்தான் வழி. சட்டமன்றமும் நாடாளுமன்றமும் விவாதிக்கும் என்று சாய்ந்து உட்காரும் வசதி நம் ஆசிரியர்களுக்கு இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரை இங்கே இழுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பொதுவாக அந்த ஊர் செய்தியில் வருவது இருக்குவேளிரின் தலைநகர் என்பதற்காக, மூன்றில் இரண்டு மட்டும் மிஞ்சிய மூவர் கோயிலுக்காக, அல்லது கல்கியின் வானதிக்காக. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் அது வேறு காரணத்துக்காக வருகிறது. மதுரைக்குப் போகும் வழி அந்த ஊர்க் குளத்தருகே மூன்றாகப் பிரிகிறது. மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளையும் சொல்கிறான்: வலப்பக்கம் போனால் என்ன, இடப்பக்கம் போனால் என்ன, நடுவே போனால் எந்தத் தெய்வம் மயக்கும் என்று. அவன் இடப்பக்க வழியைத்தான் பெருமையாகச் சொல்கிறான். கவுந்தியடிகள் அதை மறுத்துப் பேசுகிறார். கோவலனும் கண்ணகியும் அவரோடு நடுவழியில் போகிறார்கள். கேட்டவர்கள் சொன்னவனோடு முரண்பட முடிந்தது, ஏனென்றால் முரண்படுவதற்கு வேண்டிய விவரத்தை அவனே கொடுத்திருந்தான். பிரிந்து செல்லும் வழிகள் நமக்கும் இருக்கின்றன என்றே நம் மாநாட்டுச் செய்திகள் சொல்வதில்லை. ஒரே வழி, அதில் இந்தியா முன்னே போகிறது; நீங்கள் ஓரமாக நின்று பாருங்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நின்று பார்த்தால் இது எவ்வளவு வினோதமானது என்று தெரியும். காலநிலைப் பேச்சுவார்த்தையின் பெரிய பிரச்சினைகள் ஒவ்வொன்றும் இந்த மாவட்டத்தில் தன் சொந்தப் பெயரோடு நடந்திருக்கிறது.

இழப்பும் சேதமும் என்ற பிரச்சினைக்கு இங்கே பெயர் கஜா. 2018 அக்டோபரில், புவி வெப்பம் 1.5 டிகிரி உயர்வதைப் பற்றிய ஐ.நா. காலநிலைக் குழுவின் சிறப்பு அறிக்கை வந்தது. நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி வட்டாரத்துத் தோப்புகளைச் சாய்த்துக்கொண்டு மேற்கே போனது. டிசம்பர் 2ஆம் தேதி போலந்தின் கட்டோவிட்சேவில் மாநாடு தொடங்கியபோது, டெல்டாவின் உட்கிராமங்கள் சிலவற்றில் மின்சாரம்கூடத் திரும்பியிருக்கவில்லை. மாநில அரசு ஒன்றியத்திடம் கேட்டது 15,000 கோடி ரூபாய். விழுந்த தென்னை ஒன்றுக்கு, அகற்றும் கூலியும் சேர்த்து, 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நட்டுக் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் மரத்துக்கு 1,100 ரூபாய் என்பது எந்தக் கணக்கு? இழந்த மரத்தின் விலையா, இழந்த ஆண்டுகளின் விலையா? இந்த வழக்குத்தான் கட்டோவிட்சேவிலும் ஓடியது, 2022இல் ஷார்ம் எல் ஷேக்கில் தனி நிதியாக முடிவானது, 2023இல் துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே நடைமுறைக்கு வந்தது. அந்த நிதி வந்த செய்தியை ‘ஏழை நாடுகளின் நீண்ட நாள் கோரிக்கை நிறைவேறியது’ என்று நம் ஊடகம் எழுதியது. கீரமங்கலத்துத் தென்னைக்காரர் அந்த ஏழை நாடுகளில் ஒருவரா, இல்லையா? மாநில அரசு அதில் நேராக விண்ணப்பிக்கலாமா, டெல்லி வழியாகத்தான் போக வேண்டுமா, அல்லது நம்மைவிடச் சின்ன நாடுகளுக்கே அது போகட்டும் என்று நாம் ஒதுங்குவதுதான் நியாயமா? இந்த மூன்றாவது கேள்வியில் மட்டும் ஒரு தலையங்கப் பக்கத்தை நிரப்பும் சர்ச்சை இருக்கிறது. கேட்டால்தானே.

புதைபடிவ எரிபொருளுக்கு இங்கே பெயர் நெடுவாசல். 2017 பிப்ரவரி 15 அன்று, கண்டறியப்பட்ட சிறு எண்ணெய், எரிவாயு வயல்களைத் தனியாருக்குத் தரும் திட்டத்தில் 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒன்றிய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. நெடுவாசல் அதில் ஒன்று. மறுநாளே ஊர் திரண்டது. போராட்டம் மாதக்கணக்கில் நடந்தது. மூன்று ஆண்டு கழித்து, 2020 பிப்ரவரியில், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியபோது டெல்டா மாவட்டங்களோடு இந்த மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் சேர்க்கப்பட்டன. புதிதாக ஹைட்ரோகார்பன் எடுப்பதற்கு ஒரு நிலப்பரப்பையே மூடிய சட்டம் அது. புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகிச் செல்வது என்று உலகம் துபாயில் முதன்முதலாக எழுதியது 2023 டிசம்பரில். அந்த வாசகத்தைப் பற்றித் தமிழில் நான் படித்தவற்றில் நெடுவாசல் என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒரு கிராமம் மூன்று ஆண்டில் பெற்றதை உலகம் முப்பது ஆண்டில் அரைகுறையாக எழுதியிருக்கிறது என்று சொல்லும் வாய்ப்பு நம் பத்திரிகைகளுக்குத்தான் இருந்தது. அவர்கள் மாநாட்டுத் தலைவரின் அபுதாபி எண்ணெய் நிறுவனத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கூடவே ஒரு சங்கடமும் உண்டு. பெலேம் வரைக்கும், புதைபடிவ எரிபொருளை விடுவதற்கான கால அட்டவணையை ஏற்காத நாடுகளின் வரிசையில் இந்தியா நிற்கிறது. நெடுவாசலின் நிலைப்பாடும் இந்தியாவின் நிலைப்பாடும் ஒன்றல்ல. எது சரி என்பது வாதத்துக்குரியது. எரிவாயுவே வேண்டாம் என்பவர் சமையல் அடுப்புக்கும் உரத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். வேண்டும் என்பவர் நிலத்தடி நீருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த வாதம்தான் பொது விவாதம். ‘இந்தியா’ என்று ஒரே ஆளாகச் சுருக்கியவுடன் வாதம் தேசத்துரோகமாகிவிடுகிறது, அல்லது செய்தியே ஆகாமல் போய்விடுகிறது.

மூன்றாவது தைல மரம். என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரியது, ஏனென்றால் இதில் பொய் என்று எதுவும் இல்லை, எல்லாமே கணக்குப்படி நடக்கிறது. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் புதுக்கோட்டையில் பெரும் பரப்பில் தைல மரம் வளர்த்துக் காகிதக் கூழுக்கு வெட்டுகிறது. கரட்டு நிலம், வேறொன்றும் வராது, அரசுக்கு வருமானம் என்று அவர்கள் தரப்பு. மரம் நீரை உறிஞ்சுகிறது, தோட்டத்துக்குள் போட்ட வரப்பும் குழியும் மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வரத்துவாரிக்கு விடுவதில்லை, கண்மாய் வறள்கிறது என்று மக்கள் தரப்பு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், ஏரி, குளம் உள்ள மாவட்டத்தில் இது சின்னச் சண்டை அல்ல. நீதிமன்றம் வரைக்கும் போன சண்டை.

இதற்கும் பாரீஸ் உடன்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? 2015இல் பாரீசுக்கு முன் இந்தியா மூன்று முக்கிய வாக்குறுதிகள் தந்தது. மூன்றாவது, காட்டையும் மரப் பரப்பையும் பெருக்கி 2030க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு இணையானதைப் பிடித்துவைப்பது. 2022இல் மற்ற இரண்டையும் உயர்த்தினார்கள். மூன்றாவதை அப்போது அப்படியே விட்டார்கள். அதை அளக்க அடிப்படையாவது இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பு, பத்து விழுக்காட்டுக்குக் குறையாத இலைக்கவிகை இருந்தால் அது காட்டுப் பரப்பு. நிலம் யாருடையது, மரம் எந்தச் சாதி என்று பார்ப்பதில்லை. ஆகவே தைலத் தோப்பும் காடு. தமிழ்நாடு தன் பங்குக்கு, 23.7 விழுக்காடாக இருக்கும் பசுமைப் பரப்பை 33 ஆக்குவோம் என்று 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது; நாட்டு மரங்களை நடுவதாகவே சொல்கிறது, அது நல்லது. ஆனால் மேலே போகும் தேசியக் கணக்கில் நாட்டு மரமும் தைல மரமும் ஒரே பச்சைப் புள்ளி. கண்மாயைக் காய வைப்பதாக ஊர் குற்றம் சாட்டும் அதே தோப்பு, உலக மாநாட்டில் இந்தியாவின் பெருமையான எண்ணுக்குள் போய் உட்கார முடியும். சில ஆண்டுக்கொருமுறை வெட்டிக் காகிதமாக்கும் மரம் எவ்வளவு கரியை எவ்வளவு காலம் பிடித்துவைக்கும் என்பது வேறு கேள்வி.

தைலத் தோப்பும் இந்தியாவின் காட்டுக் கணக்கில் சேர்கிறது என்ற ஒரு வரியைப் புதுக்கோட்டைப் பதிப்பில் ஒருவர் எழுதியிருந்தால், இந்த மாவட்டத்தின் பழைய சண்டை புதிய தளத்துக்குப் போயிருக்கும். தைல மரத்தை எடுங்கள் என்று மனுக் கொடுப்பவருக்கு அதிகாரி சொல்லும் பதில் மாறியிருக்கும். எடுத்தால் காட்டுப் பரப்பு குறைந்து தெரியுமே என்ற தயக்கம் உண்மையாகவே இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். மரப் பரப்போடு கண்மாயையும் கணக்கில் சேர் என்று கேட்டிருக்கலாம். பெலேமில் தகவமைப்பை அளப்பதற்கான குறியீடுகளை ஏற்றபோது அதற்கு ஒரு சந்தர்ப்பமே வந்தது. மாநாடு பெரும்பாலும் நவம்பர் வாக்கில் வருகிறது. தமிழ்நாட்டில் நவம்பர் 1 உள்ளாட்சி நாள், கிராம சபை கூடும் நாள். கொடும்பாளூரில் கூடும் சபையில் இதைப் பேச யாரும் தடுக்கப்போவதில்லை. பேசுவதற்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கொடும்பாளூர் வேளாண் மண்டலத்துக்குள்ளும் இல்லை, டெல்டாவின் கூக்குரலுக்குள்ளும் இல்லை; மேற்கே, வானம் பார்த்த பூமியில், தன் குளத்தை நம்பிக் கிடக்கும் ஊர். போராட்டம் நடக்காத ஊருக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குப் பத்திரிகையைத் தவிர வேறு வாகனம் கிடையாது.

டெஸ்க்கில் இருக்கும் நண்பர்கள் இதற்குச் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒன்று, பெலேமுக்கும் பாகுவுக்கும் ஆள் அனுப்பப் பணமில்லை. அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் என்று ஒன்று அரசாணைப்படி இருக்கிறது. அது கூடியதா, என்ன முடிவெடுத்தது, தைலத் தோப்பைப் பற்றி அதன் கருத்து என்ன என்று கேட்க நிருபருக்குப் பேருந்துக் கட்டணம் போதும். பணமில்லை என்ற சாக்கு இங்கே எடுபடாது.

இன்னொரு பதிலுக்குக் கொஞ்சம் மரியாதை தர வேண்டும். மாவட்டத்தில் நடப்பதையெல்லாம் காலநிலையோடு கட்டினால் அறிவியலும் கெடும், அதிகாரிகளும் தப்பித்துக்கொள்வார்கள் என்பது அது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை மூழ்கியபோது பாரீஸ் மாநாடு நடந்துகொண்டிருந்தது. காலநிலை மாற்றத்தின் சாட்சி சென்னை என்று உடனே பேசப்பட்டது. பிறகு அந்த மழையை ஆய்ந்த அறிவியலாளர்கள், அதில் புவி வெப்பமாதலின் தெளிவான சுவட்டைக் காணவில்லை என்றே எழுதினார்கள். செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது, எவ்வளவு திறந்தார்கள் என்ற கேள்வியைப் பாரீசின் பெயரால் மூடியிருந்தால் அது பெரிய அநியாயம். அதனால்தான் கஜாவை வெப்பமாதல்தான் கொண்டுவந்தது என்று எழுதச் சொல்லவில்லை. நான் கேட்பது காரணத்தைப் பற்றியதே அல்ல, கையெழுத்தைப் பற்றியது. நம் பெயரில் எதை ஒப்புக்கொண்டார்கள், அது நம் ஊரில் எந்த நிலத்தில் இறங்கும், அதற்கு யார் ஆம் சொன்னார்கள்? இதை எழுத ஒரு மழைத்துளியையும் வெப்பமாதலின் கணக்கில் ஏற்ற வேண்டியதில்லை. சென்னையை உதாரணம் காட்டி இந்த வேலையிலிருந்து விலகிக்கொள்பவர்கள், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

கடைசியாக வருவதுதான் எனக்குக் கோபமூட்டுவது: வாசகருக்கு இதெல்லாம் புரியாது, வேண்டாம், படிக்க மாட்டார். 2017 பிப்ரவரிக்கு முன் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் என்ற சொல்லை எத்தனை பேர் உச்சரித்திருப்பார்கள்? சில வாரங்களில், பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் மீத்தேனுக்கும் ஷேல் வாயுவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொலைக்காட்சி நிருபர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தத்தின் நிபந்தனை என்ன, குத்தகை எத்தனை ஆண்டு, கழிவுநீரை எங்கே விடுவார்கள் என்று ஆட்சியரிடம் கேட்டார்கள். ஒலிபெருக்கி பிடித்து நின்ற அதே ஊடகம்தான் அதைப் படம்பிடித்தது. அந்தப் படங்கள் இன்னும் அவர்களின் சேமிப்பில் இருக்கும். 2026 நவம்பரில் துருக்கியின் அன்டால்யாவில் அடுத்த மாநாடு கூடுவதற்குள், வாசகருக்கு எது புரியும் எது புரியாது என்று முடிவுசெய்யும் இடத்தில் இருப்பவர்கள் அவற்றை ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.